போனமாசா கச்சேரிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

ஜோ போனமாசாவை யூடியூபில் மணிக்கணக்காகப் பார்த்துவிட்டு முதல் தடவை நேரில் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். நானும் செய்தேன். இரண்டு மணி நேரமும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலைப் பார்க்க லண்டன் வரை போகவே வேண்டாம், யூடியூபில் க்ளோசப் போட்டு நகம் வரைக்கும் காட்டுகிறார்கள். நேரில் மட்டும் கிடைப்பது வேறு ஒன்று, சத்தத்தின் ஏற்ற இறக்கம். ரெக்கார்டிங்கில் மெல்லியதைக் கொஞ்சம் உயர்த்தி, பெரியதைக் கொஞ்சம் அமுக்கி, பஸ்ஸில் இயர்போனில் கேட்கிறவனுக்கும் எல்லாம் காதில் விழும்படி சமப்படுத்திவிடுவார்கள். அரங்கத்தில் அப்படி இல்லை. ஐயாயிரம் பேர் மூச்சுவிடாமல் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, கிடார் கேட்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் கீழே போய், அடுத்த அரை நிமிடத்தில் நெஞ்செலும்பு அதிரும்படி மேலே ஏறும். கீழே சொல்லப்போகிற டிக்கெட், இருக்கை, காது, தாளம் எல்லாமே இந்த ஒன்றைத் தவறவிடாமல் இருப்பதற்காகத்தான்.

ஆளைத் தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. ப்ளூஸ் ராக் வாசிக்கிற அமெரிக்கக் கிடார்காரர், பாடவும் செய்வார். 1977இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், கிடார் கடை வைத்திருந்தவரின் மகன், 12 வயதிலேயே ப்ளூஸ் கிடார் மேதை பி.பி. கிங்கின் கச்சேரிகளுக்கு முன்னால் மேடையேறி வாசித்தவர். கோட்டு சூட்டு, கறுப்புக் கண்ணாடி, பார்த்தால் வங்கியில் கடன் பிரிவு அதிகாரி மாதிரி இருப்பார். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 2009 மே 4 அன்று முதன்முதலாக வாசித்தபோது புகழ்பெற்ற பிரிட்டிஷ் கிடார்காரர் எரிக் கிளாப்டன் மேடைக்கு வந்து ஒரு பாட்டுக்குக் கூட வாசித்தார். அதற்குப் பிறகு அந்த அரங்கத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார், அதனால் அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். வேறு ஊரில் வேறு வாசிப்பாளரைப் பார்க்கப் போனாலும் முக்கால்வாசி பொருந்தும்.

டிக்கெட்டை அரங்கத்தின் சொந்தத் தளத்திலோ அவருடைய சொந்தத் தளத்திலோ வாங்குங்கள். தேடல் பக்கத்தில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் மறுவிற்பனைத் தளம்தான். நான் அவசரத்தில் அப்படி ஒன்றில் இரண்டு மடங்கு கொடுத்து வாங்கினேன், போய் உட்கார்ந்தால் முன்னால் ஒரு தூண், பக்கத்து இருக்கை காலி. ஆல்பர்ட் ஹாலில் இன்னொரு விசித்திரம் உண்டு. 1860களில் கட்டப் பணம் போதாமல், ஓர் இருக்கைக்கு 100 பவுண்டு வாங்கிக்கொண்டு 999 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள், அதன் விளைவாக இன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் தனியார் கையில் இருக்கின்றன. அந்தச் சொந்தக்காரர்கள் போகாத நாட்களில் அந்த இருக்கைகள் வெளியே விற்பனைக்கு வரும். ஆக, தீர்ந்துவிட்டது என்று காட்டினாலும் அரங்கத்தின் தளத்தையே அடுத்தடுத்த வாரங்களில் எட்டிப் பாருங்கள்.

எங்கே உட்காருவது என்பதுதான் விலையைவிட முக்கியம். வலக்கைக்காரர் கிடார் பிடித்து நம்மைப் பார்த்து நின்றால் கிடாரின் கழுத்து நமக்கு வலப்பக்கமாக நீளும், அதனால் இடக்கை விரல்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் வலப்பக்கம் தேடி வாங்குவார்கள். நான் நடுப்பகுதியைத்தான் சொல்வேன், கொஞ்சம் பின்னால் என்றாலும் பரவாயில்லை. ஒலியைச் சரிசெய்கிறவர் தன் மேசையில் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் கலக்கிறார், அந்த மேசை மேடைக்கு எதிரே தளத்தில் இருக்கும், அதன் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்குக் கேட்பது உங்களுக்கும் கேட்கும். மேடைக்கு மிக அருகே ஓரமாகக் கிடைக்கிற இடம் பார்க்கப் பெருமையாக இருக்கும், ஆனால் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் காதில் அறையும். வட்டமான இந்தக் கட்டடத்தில் எதிரொலியும் ஒரு பிரச்சினை, 1871இல் திறப்பு விழா உரையிலேயே கேட்டதாம். அதை அடக்கத்தான் 1969இல் கூரையிலிருந்து காளான் மாதிரியான பெரிய கண்ணாடியிழைத் தட்டுகளைத் தொங்கவிட்டார்கள், அண்ணாந்தால் தெரியும். ஸ்டால்ஸ் எனப்படும் அடுக்கில் நாற்காலிகள் சுழலும், மேடைப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம். மேலே சர்க்கிள் அடுக்கு மலிவு, உயரம் அதிகம், ஒலி மோசமில்லை. சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப்போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து காது. இதைப் படிக்காமல் தாண்டிப்போகிறவர்கள்தான் மறுநாள் வந்து புலம்புவார்கள். 85 டெசிபல் என்றால் நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்க வேலைத்தலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகிறது, ஏனென்றால் 3 டெசிபல் என்றால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. அப்படியே போட்டுப் பாருங்கள்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி, 100க்குப் பதினைந்தே நிமிடம். ராக் கச்சேரியில் 100ஐத் தொடுவது சர்வசாதாரணம், கச்சேரியோ இரண்டு மணி நேரம். ஒரு முறை சின்ன கிளப் ஒன்றில், பேர் வேண்டாம், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்று ஆடிவிட்டு வந்து இரண்டு நாள் காதில் சில்வண்டோடு அலுவலகம் போனேன், மேனேஜர் பேசியதில் பாதி விழவில்லை. (அது மட்டும் நஷ்டமில்லை.)

பஞ்சு வைப்பது ஏறக்குறைய வீண். மருந்துக்கடையில் கிடைக்கிற நுரை அடைப்பான் காதைக் காப்பாற்றும், ஆனால் மேல் ஸ்தாயி ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடும், கம்பளிக்குள் தலையை விட்டுக் கேட்பது மாதிரி இருக்கும். இசைக்காரர்கள் போடுகிற வடிகட்டி வைத்த இயர்பிளக் தனி வகை. அது எல்லா ஸ்தாயியையும் கிட்டத்தட்ட ஒரே அளவில், 15 முதல் 20 டெசிபல் வரை குறைக்கும், கிடாரின் பளபளப்பு போகாது. சுமார் 20 பவுண்டில் நல்லதாகவே கிடைக்கும். முதல் தடவை போட்டதும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், கழற்றாதீர்கள், இரண்டு பாட்டில் பழகிவிடும். அதைவிடப் பெரிய லாபம், தொடக்கத்திலேயே காது களைத்துப்போகாமல் இருக்கும், ஆகவே ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் மெதுவாக வாசிக்கிற இடம் உங்களுக்குக் கேட்கும். கூட வரும் குழந்தைகளுக்கு அடைப்பான் போதாது, காதை மூடுகிற ஹெட்போன் மாதிரியான கவசம் வாங்குங்கள்.

முன்கூட்டி என்ன கேட்டுவிட்டுப் போவது? அவருடைய எல்லா ஆல்பத்தையும் வேண்டாம். நான் அப்படிச் செய்து, மேடையில் அவர் வாசித்ததை ரெக்கார்டிங்கோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே மாலையைப் பாழாக்கினேன். மூன்று போதும். பி.பி. கிங் 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் தியேட்டரில் வாசித்த நேரடிப் பதிவு, கூட்டம் போடுகிற கூச்சலுக்காகவே கேட்க வேண்டும். அப்புறம் 1966இல் பிரிட்டிஷ் ப்ளூஸ்காரர் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் கிளாப்டன் வாசித்தது. ஸ்டூடியோவுக்குள்ளேயே மேடையில் வைக்கிற சத்தத்தை வைத்துத்தான் வாசிப்பேன் என்று லெஸ் பால் கிடாரை மார்ஷல் ஆம்பில், அதாவது கிடார் ஒலியைப் பெருக்குகிற பெட்டியில் போட்டு அலறவிட்டார், இன்று நாம் ப்ளூஸ் ராக் என்கிற ஒலிக்கு அதுதான் முக்கியமான வாசல். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ், கடல் தாண்டி லண்டன் பையன்களிடம் போய்ச் சத்தம் கூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஓர் அமெரிக்கர் அதை மறுபடி லண்டனுக்கே கொண்டுவந்து வாசிக்கிறார், போனமாசா கச்சேரி என்பது ஏறக்குறைய இதுதான். மூன்றாவது, அவருடைய ‘ஸ்லோ ஜின்’ என்கிற மெதுவான பாட்டின் நேரடிப் பதிவு ஏதாவது ஒன்று. முடிந்தால், கச்சேரிக்கு முந்தின வாரம் லண்டன் சோஹோவில் கிங்லி தெருவில் இருக்கிற ப்ளூஸ் பார் மாதிரி ஒரு குட்டி இடத்தில் ஒரு மாலை நின்று பாருங்கள். பேர் தெரியாத ஆள் இரண்டடி தூரத்தில் வாசிப்பதைக் கேட்டபிறகு பெரிய அரங்கம் வேறு மாதிரி புரியும்.

ப்ளூஸின் கட்டமைப்பு தெரியாமல் போனால் எல்லாப் பாட்டும் ஒன்று போலவே இருக்கும். தெரிந்துகொள்ள இசைப் பள்ளிக்கெல்லாம் போக வேண்டாம், ஆதி தாளம் போடத் தெரிந்தால் போதும். வழக்கமான ப்ளூஸ் சுற்று 12 பார், பார் என்றால் ஒரு தாளக் கட்டம், ஒரு பாருக்கு நான்கு அடி, மொத்தம் 48. அதாவது ஆறு ஆதி தாள ஆவர்த்தனம். முதல் இரண்டு ஆவர்த்தனம் வீட்டிலேயே இருக்கும், அதாவது ஸட்ஜத்தை வேராக வைத்துச் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு, கார்டு என்பார்கள். மூன்றாவதில் மத்யமத்துக்குக் குடிபோகும். நான்காவதில் வீட்டுக்கு வந்துவிடும். ஐந்தாவதுதான் சூடான இடம், முதல் பாதி பஞ்சமம், அடுத்த பாதி மத்யமம், அங்கேதான் பெரும்பாலும் பாட்டின் குத்தலான வரி வரும், சோலோ, அதாவது கிடாரின் தனி வாசிப்பு என்றால் உச்சம் வரும். ஆறாவதில் மறுபடி வீடு. தொடையில் தட்டிக்கொண்டே நாலு சுற்று எண்ணிப் பாருங்கள், ஐந்தாவது சுற்றில் எண்ணாமலே உடம்பு முன்கூட்டிச் சாயும். எல்லாப் பாட்டும் இந்த அச்சில் இருக்காது, போனமாசா ராக் பக்கம் நிறையவே போவார், என்றாலும் பாதிக்கு இது உதவும். ஷஃபிள் என்று சொல்கிற அந்தக் குதிரை நடை இருக்கிறதே, அது ஒவ்வோர் அடியையும் மூன்றாகப் பிரித்து நடுவதை விழுங்குவது, திஸ்ர நடை என்று நினைத்துக்கொண்டால் கால் தானாகத் தட்டும்.

இரண்டாவது முறை போனபோது லண்டன் வந்திருந்த பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மார்கழி தவறாமல் சபா கேன்டீனிலிருந்து கச்சேரிக்கும் கச்சேரியிலிருந்து கேன்டீனுக்கும் நடக்கிறவர், இந்த இரைச்சலுக்கு என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டேதான் போனேன். மூன்றாவது பாட்டில் காதோரம் குனிந்து, “டேய், சுத்த தன்யாசி மாதிரி இருக்கேடா” என்றார். சரியாகத்தான் பிடித்தார். ராக் கிடார்காரர்கள் முதலில் கற்கிற மைனர் பென்டாடானிக் என்கிற ஐந்து சுரத் தொகுப்பு, ஸ க ம ப நி, சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும், சுத்த தன்யாசியின் சுரங்களேதான். மேஜர் பென்டாடானிக் என்றால் மோகனம். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “இல்லைப்பா, காந்தாரம் நிக்கலையே, மேலே இழுக்கிறானே” என்றார். அதுவும் சரி. ப்ளூஸின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ, பியானோவில் கட்டையே இல்லாத ஓர் இடத்துக்கு, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வீணையில் இழுத்து வாசிப்பதைப் பார்த்த கண்ணுக்கு இது புதிதே இல்லை. ராகம் என்று நினைத்து லட்சணம் தேடாதீர்கள், தேடினால் கிடைக்காது, ஆனால் கமகத்துக்குப் பழகிய காது உங்களுக்கு ஏற்கனவே இருக்கிறது, அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சரி, விளக்கு அணைந்தாயிற்று. எதைப் பார்ப்பது?

வலக்கையைப் பாருங்கள். குறிப்பாக, வாசிக்கிற நடுவிலேயே அந்தக் கை கிடாரின் உடம்பில் இருக்கிற வால்யூம் குமிழுக்குப் போய்ப் போய் வரும். லெஸ் பால் கிடாரில் மொத்தம் நான்கு குமிழ்கள், இரண்டு வால்யூம், இரண்டு டோன், மேலே ஒரு ஸ்விட்ச். வீட்டு டிவியில் வால்யூமைக் குறைத்தால் சத்தம் மட்டும் குறையும். இங்கே குணமே மாறும். தாத்தா வீட்டு ரேடியோவில் இருந்ததே வால்வு, அதே வால்வுதான் இந்த ஆம்புகளிலும் வேலை செய்கிறது. கிடாரிலிருந்து பலமான சிக்னல் வந்தால் வால்வால் முழு அலையையும் தூக்க முடியாமல் முனை மழுங்கும், அந்த மழுங்கல்தான் நமக்குப் பிடித்த கரகரப்பு. குமிழைக் கொஞ்சம் குறைத்தால் வால்வு மூச்சுவிடும், அதே கிடார், அதே ஆம்ப், ஒலி மட்டும் மணிபோலத் துலங்கும். ஆகவே அவர் சுண்டுவிரலால் குமிழைத் தொட்டு இறக்கும்போது மெலிவதோடு நிற்பதில்லை, அழுகையிலிருந்து பேச்சுக்கு வருகிறார். மறுபடி மெல்லத் திருகி ஏற்றும்போது பேச்சு அழுகையாகிறது. சில சமயம் தந்தியை மீட்டும்போது குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, மீட்டிய பிறகு ஏற்றுவார், மீட்டல் காதில் விழாமல் ஒலி மட்டும் வயலின் வில் போட்ட மாதிரி கிளம்பி வரும். ரெக்கார்டிங்கில் இதெல்லாம் கேட்காது என்றில்லை, ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் உமிழ்நீர் விழுங்குகிற சத்தத்தோடு சேர்த்துக் கேட்பது வேறு.

அப்புறம் இடக்கையில் வேகத்தை விட்டுவிட்டு நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சுரத்தை இழுத்து, சேர வேண்டிய இடம் சேர்ந்ததும் அங்கேயே அதை அசைப்பார்கள், வைப்ராட்டோ. இது ஆளுக்கு ஆள் கையெழுத்து மாதிரி. பி.பி. கிங்குடையது வண்ணத்துப்பூச்சிச் சிறகு, கை முழுவதும் படபடக்கும். போனமாசாவுடையது அகலமானது, பிரிட்டிஷ் வாசிப்பாளர்கள் பக்கம் சாய்ந்தது. நிமிடத்துக்கு எத்தனை சுரம் என்று எண்ணுகிற வேகப் பகுதிகளும் வரும், கூட்டம் விசிலடிக்கும், எனக்கு அவை கொஞ்சம் அலுப்புதான். தனி ஆவர்த்தனத்தில் கணக்கை மட்டும் ரசிக்கிறவர்கள் உண்டல்லவா, அவர்களுக்குப் பிடிக்கும்.

பாட்டுக்குப் பாட்டு கிடார் மாறும். உதவியாளர் ஓரத்திலிருந்து ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிப் போவார். அந்த வரிசையில் செந்நிற மஞ்சளாக மின்னுகிற பழைய லெஸ் பால் வந்தால், அது 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த வகையாக இருக்க வாய்ப்புண்டு, ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான டாலர் போகிற சரக்கு. பெட்டகத்தில் வைக்க வேண்டியதை ஊர் ஊராகத் தூக்கிப்போய் வாசிக்கிறார். கிடார் பைத்தியங்கள் அந்த நேரத்தில் பாட்டை விட்டுவிட்டு வருடத்தை வைத்து வாக்குவாதம் செய்வார்கள், காது கொடுக்காதீர்கள். அதைவிட ஹம்மண்ட் ஆர்கன் என்கிற கீபோர்டு வாத்தியத்தைக் கவனியுங்கள். அமெரிக்க ப்ளூஸ் கிடார்காரர் ஸ்டீவி ரே வானின் குழுவில் வாசித்த ரீஸ் வைனன்ஸ் பல ஆண்டுகளாக அந்த இருக்கையில் இருக்கிறார். கிடார் கீழே இறங்குகிற இடங்களில் அடியில் பாய் விரித்த மாதிரி கிடப்பது அவருடைய ஒலி, அது இல்லாவிட்டால் அந்த அமைதி வெறும் காலியிடமாகிவிடும்.

மெதுவான பாட்டு வருகிறபோது பீர் வாங்க எழுந்து போகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். பாதிப் பேர் அப்போதுதான் கிளம்புவார்கள், ராக் கச்சேரிக்கு வந்தவர்கள் சத்தம் குறைந்ததும் இடைவேளை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மாலையில் டிக்கெட் காசுக்கு ஈடாகிற பத்து நிமிடம் அதுதான். போனை எடுத்துப் படம்பிடிக்க விருப்பம் இருந்தால் முதல் பாட்டில் அரை நிமிடம் எடுத்துக்கொண்டு பையில் போட்டுவிடுங்கள். அந்தக் குட்டி மைக்கும் சத்தத்தைச் சமப்படுத்தித்தான் பதியும், வீட்டில் போட்டுப் பார்த்தால் இரைச்சலும் பின்னால் உட்கார்ந்தவரின் இருமலும்தான் கிடைக்கும்.

எப்போது கைதட்டுவது என்று குழம்ப வேண்டாம். சோலோ முடிந்ததும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டலாம், நல்ல சங்கதி விழுந்தால் நடுவிலேயே ஆஹா சொல்வது மாதிரி கூவலாம். ப்ளூஸ் கூட்டம் பதில் சொல்கிற கூட்டம், வாசிப்பவரும் அதை எதிர்பார்த்துத்தான் இடைவெளி விடுகிறார். பெரியப்பா ஒரு இடத்தில் வாய்விட்டு “பேஷ்!” என்றார், முன்வரிசையில் இருந்த தாடிக்காரர் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். ஒலி தேய்ந்து தேய்ந்து அறுபடப் போகிற அந்த இடத்தில் மட்டும் யாரும் கூவாமல் இருந்தால் புண்ணியம்.

நேரத்துக்குப் போங்கள். முன்னால் வேறு குழு ஒரு மணி நேரம் வாசிக்கும், சாவகாசமாகப் போகலாம் என்கிற வழக்கமான கணக்கு அவர் கச்சேரிக்குச் சரிவராது, டிக்கெட்டில் போட்டிருக்கிற மணிக்கே வந்து நிற்கக்கூடியவர். சவுத் கென்சிங்டன் நிலையத்தில் இறங்கினால் எக்ஸிபிஷன் ரோடு வழியாக, அருங்காட்சியகங்களைத் தாண்டிக் கால் மணி நேர நடை. பெரிய பை வேண்டாம், வாசலில் சோதனை இருக்கும். டி-ஷர்ட் வாங்குவதென்றால் உள்ளே நுழையும்போதே வாங்கிவிடுங்கள், முடிந்து வெளியே வரும்போது மீடியம் சைஸ் தீர்ந்திருக்கும், எனக்கு இரண்டு தடவையும் எக்ஸ்எல்தான் கிடைத்தது.

கடைசிப் பாட்டு முடிந்து அவர் உள்ளே போனதும் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள், திரும்பி வருவார். ரயிலுக்கு அவசரமே இல்லை, நள்ளிரவு வரை வண்டி இருக்கிறது, வெள்ளி, சனி என்றால் பிக்காடிலி பாதையில் விடிய விடிய ஓடும். வெளியே வந்ததும் இயர்பிளக்கைக் கழற்றி உடனே அதன் டப்பாவில் போட்டுவிடுங்கள், சட்டைப்பையில் போடாதீர்கள். இதுவரை மூன்று ஜோடியை வாஷிங் மெஷினில் துவைத்திருக்கிறேன்.